கூடம் கோணல்தான், சார்

டிரேடிங் பயிற்சி தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒருவருக்குத் திறந்த மடல்

சார்,

என் முகம் உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் ‘எலைட்’ பேட்சில் சேர்ந்து, கேள்வி கேட்டதற்காக டெலிகிராம் குழுவிலிருந்து நீக்கப்பட்டவள். என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். உங்களிடம் தனியாகக் கேட்க வழியில்லாததால் ஊரறியக் கேட்கிறேன்.

நட்டப்பட்டு வரும் மாணவர்களிடம் நீங்கள் வழக்கமாக ஒரு பழமொழி சொல்வீர்கள்: ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ ஸ்ட்ராட்டஜியில் தப்பே இல்லை, உங்கள் சைக்காலஜிதான் சரியில்லை என்பீர்கள். பேராசை, பயம், அவசரம் என்று பலகையில் எழுதி அடிக்கோடு போடுவீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அதைத் தலைகுனிந்து குறித்துக்கொள்வார்கள். பணமும் போய், போனதற்குத் தன் குணம்தான் காரணம் என்ற எண்ணத்தோடு வீடு திரும்பியவர்கள் நிறைய. புருஷனிடம் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அந்த வெட்கம்தான் உங்களுக்கு வேலி. எனக்கு அந்த வெட்கம் இல்லை. கூடத்தை அளந்து பார்த்துவிட்டேன். அளவு கீழே.

முதலில் கட்டணம். 99 ரூபாய் வெபினாரில் தொடங்கி, ஹோட்டல் ஹாலில் நடந்த வகுப்பின் முடிவில் ‘இன்று சேர்ந்தால் மட்டும்’ என்று அறிவித்த தொகை 1,20,000 ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி 21,600. ஆக 1,41,600 ரூபாயை, சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து, யுபிஐ வரம்புக்காக இரண்டாகப் பிரித்து அனுப்பினேன். அனுப்பச் சொன்ன கணக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. வரி பில் கேட்டேன். ‘அனுப்புகிறோம் மேடம்’ என்ற பதிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் எண்ணோடு பில் தர வேண்டும். பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு பைசா வாங்கக் கூடாது. அது ஜிஎஸ்டி சட்டத்தின் 32-ஆவது பிரிவு. இந்த 21,600 ரூபாய் எந்தக் கணக்கில் ஏறியது சார்?

அடுத்தது, எதை எப்போது வாங்க வேண்டும் என்று குழுவில் நீங்கள் தந்த ‘கால்’கள். நிஃப்டி ஆப்ஷன்கள் காலாவதியாகும் எக்ஸ்பைரி வியாழக்கிழமையாக இருந்த நாட்கள் அவை. ஒரு வியாழன் மதியம் இரண்டே முக்கால் மணிக்குக் குழுவில் செய்தி வந்தது: ‘ஹீரோ-ஜீரோ டிரேடு. நிஃப்டி கால், 12 ரூபாய். ஆல் இன்.’ ஆப்பைத் திறந்தபோது விலை 19. லாட்டுக்கு 75 வீதம் 20 லாட், 28,500 ரூபாய். மூன்றேகால் மணிக்கு அது 2 ரூபாய்க்கு வந்தது, மூன்றரைக்கு ஒன்றுமில்லை. ஐந்து மணிக்குக் குழுவைப் பார்த்தால் அந்தச் செய்தியே இல்லை. அட்மின் அழித்தால் எல்லோருடைய போனிலிருந்தும் போய்விடும். அதே இடத்தில், காலையில் லாபம் காட்டிய இன்னொரு ‘கால்’ மட்டும் கைதட்டல்களோடு நின்றது. இப்படித் தோற்றதை அழித்து ஜெயித்ததை மட்டும் வைத்துக்கொண்டே போனால் யாருடைய குழுவும் 90 சதவீத வெற்றிதான் காட்டும்.

உங்கள் லாப ஸ்கிரீன்ஷாட்டுகளும் அப்படித்தான். எனக்கு முந்தைய பேட்சில் இருந்த தோழியின் போனில் 3,42,750 ரூபாய் லாபம் காட்டும் படம் ஒன்று இருந்தது. எங்கள் பேட்சில் ‘இன்றைய பிராபிட்’ என்று நீங்கள் போட்டதும் அதே படம், பைசா மாறாமல். அது முடித்த டிரேடின் லாபமும் அல்ல. பொசிஷன் திறந்திருக்கும்போது ஓடும் எண். அன்று மாலை அது எங்கே போய் முடிந்தது என்பது படத்தில் இல்லை. ஒரு கணக்கில் சந்தை ஏறினால் லாபம் தரும் கால் ஆப்ஷன் வாங்கி, இன்னொரு கணக்கில் இறங்கினால் லாபம் தரும் புட் வாங்கினால் ஏதாவது ஒன்று லாபம் காட்டும், அதை மட்டும் படம் பிடித்தால் போதும். கம்ப்யூட்டர் பிரவுசரில் திரையில் தெரியும் எண்ணையே மாற்றிப் படம் எடுக்கலாம். புரோக்கர் தரும் ஆண்டுக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டேன். குழுவிலிருந்து நான் நீக்கப்பட்டது அன்றைக்குத்தான்.

டிமேட் கணக்கை உங்கள் லிங்க் வழியாகத்தான் திறக்க வேண்டும் என்றும், தினம் பத்து டிரேடு போட்டால்தான் கை பழகும் என்றும் சொன்னீர்கள். வாங்க 20, விற்க 20 என்று டிரேடுக்கு 40 ரூபாய் புரோக்கரேஜ். பத்து டிரேடுக்கு 400. சந்தை நடக்கும் 20 நாளுக்கு 8,000. பேட்சில் அறுபது பேர் என்றால் மாதம் 4,80,000. லிங்க் கொடுத்தவருக்கு இதில் ஒரு பங்கு போகும். மாணவர் ஜெயித்தாலும் தோற்றாலும் உங்கள் வரவு நிற்காது. நாங்கள் ‘ஓவர் டிரேடிங்’ செய்கிறோம் என்று பலகையில் எழுதியவரும் நீங்கள்தான்.

எதிரில் யார் ஆடுகிறார்கள் என்பதையாவது சொல்லியிருக்கலாம். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் ஒரு சதவீதம் பேர்தான். 2023-24-இல் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் அந்த லாபத்தில் பெரும்பகுதி அல்காரிதம் வழியாக வந்தது. கம்ப்யூட்டருக்கு எதிரே பனியன் கம்பெனி கணக்குப்பிள்ளையை உட்காரவைத்துவிட்டு, மனசை அடக்கக் கற்றுக்கொள் என்றால் எப்படி சார்?

‘நான் அட்வைஸ் தருவதில்லை, எஜுகேஷன் மட்டும்தான்’ என்று வீடியோ தொடக்கத்தில் ஓடும் பொடி எழுத்து உங்களைக் காப்பாற்றாது. கல்வி மட்டும் தருபவர் கடைசி மூன்று மாத விலையைக் காட்டிப் பாடம் நடத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவாக்கிவிட்டது. நீங்கள் நடத்தியதோ லைவ் மார்க்கெட்டில். ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் பயிற்சி நடத்தியவருக்கு எதிராக 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டு, 17 கோடி ரூபாய்க்கு மேல் தனிக்கணக்கில் போடச் சொன்னது. கல்வி என்ற போர்வையில் பதிவில்லாமல் ஆலோசனை விற்றதாகத்தான் அங்கேயும் புகார். லாபம் காட்டி ஆள் சேர்த்தவர் சந்தையில் நட்டத்தில் இருந்ததாகவும் அந்த உத்தரவு சொன்னது.

இனி நான் கேட்பது நான்கு.

ஒன்று, ஐ.என்.ஏ. அல்லது ஐ.என்.எச். என்று தொடங்கும் உங்கள் செபி பதிவு எண். இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில்.

இரண்டு, உங்கள் பெயரில் உள்ள எல்லா டிரேடிங் கணக்குகளுக்கும் புரோக்கர் கொடுத்த மூன்று ஆண்டு லாப நட்டக் கணக்கு.

மூன்று, எங்கள் டிரேடுகளிலிருந்து உங்களுக்கு வந்த புரோக்கரேஜ் பங்கின் விவரம்.

நான்கு, நான் கட்டிய 1,41,600 ரூபாய். ‘கட்டிய பணம் திரும்பத் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடித்திருக்கிறது என்பீர்கள். ரசீதே தராதவர் அதைச் சொல்ல முடியாது.

இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு செபி, ஜிஎஸ்டி அலுவலகம், சைபர் கிரைம் போலீஸ், மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று நான்கு இடத்துக்கும் புகார் போகும். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம்கூடக் கிடையாது. அவதூறு நோட்டீஸ் அனுப்பும் எண்ணம் இருந்தால் அனுப்புங்கள். மேலே கேட்ட கணக்குகளை நீதிமன்றத்தில் கேட்க எனக்கு அதுவும் ஒரு வழி.

உங்களிடம் படித்த மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. யுபிஐ ரசீது, பேங்க் ஸ்டேட்மெண்ட், அழியாமல் மிஞ்சிய சாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பணம் போனது சமீபத்தில் என்றால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். வீட்டில் சொல்லுங்கள். உங்கள் சைக்காலஜிக்கு ஒரு குறையும் இல்லை.

சார், பதில் எழுதினால் அதையும் இதே போல எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறேன். புரோக்கர் கணக்கை இணைக்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
எலைட் பேட்சிலிருந்து நீக்கப்பட்ட ஒரு கணக்கர்,
திருப்பூர்.