தீக்கு முன்னால் ஒரு கணக்கு



உச்சிப்புளியில் உள்ள 'ஐ.என்.எஸ். பருந்து' கடற்படை விமான தளத்து ஹெலிகாப்டர்கள், நம் கடற்கரைக்கு மேலே தடதடவெனப் போவதைப் பார்த்துக் கை காட்டியிருப்பீர்கள். பலத்த கடல்காற்றில் பறப்பதே சிரமம். எரிகிற காட்டுக்கு மேலே பறப்பது என்றால்?

2024 மார்ச் மாதம், நீலகிரி மாவட்டம் குன்னூர் அருகே காட்டில் தீப்பிடித்தது. சூலூரிலிருந்து விமானப் படையின் 'எம்.ஐ. 17' ஹெலிகாப்டர் வந்தது. கயிற்றில் தொங்கிய ராட்சத வாளியில் தண்ணீர் மொண்டு, பலமுறை பறந்து, சுமார் 16 ஆயிரம் லிட்டரைத் தீயின் மேல் கொட்டியது.

'வாளியில் மொண்டு ஊற்றுவதுதானே, இதில் என்ன கஷ்டம்?' என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கைகள் சுழன்று காற்றைக் கீழே தள்ளுவதால்தான் ஹெலிகாப்டர் மேலே நிற்கிறது. காற்று சூடானால் லேசாகிவிடும். 3 டிகிரி வெப்பம் கூடினால், அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். அதிலும் குன்னூர் உயரத்தில், நம் கடற்கரையைவிடக் காற்று ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு லேசு. லேசான காற்றில் பாரம் தூக்குவது கடினம்.

இன்னும் இருக்கிறது. புகை கண்ணை மறைக்கும். அனல்காற்று கீழிருந்து தூக்கியடிக்கும். ரொம்பத் தாழ்வாகப் பறந்தால், இறக்கைக் காற்றே தீயை விசிறிவிடும். வாளியோ ஊஞ்சல் ஆடும். தண்ணீரைக் கொட்டியதும் பாரம் குறைந்து, ஹெலிகாப்டர் சட்டென்று மேலே எழும்பும்.

இதையெல்லாம் தீக்குள் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், எத்தனை உயிர்கள் போகும்? அதனால்தான் பொறியாளர்கள் முதலில் கணக்குப் போடுகிறார்கள். எப்படி என்று நீங்களே செய்து பாருங்களேன்.

25 சென்டிமீட்டர் கயிற்றில் ஒரு சிறு கல்லைக் கட்டி, லேசாக ஆட்டிவிடுங்கள். ஒருமுறை போய்த் திரும்ப 1 விநாடி ஆகும். கயிற்றை 1 மீட்டர் ஆக்குங்கள். 2 விநாடி ஆகும். நீளம் நான்கு மடங்கானால், நேரம் இரண்டு மடங்கு. அப்படியானால் 16 மீட்டர் கயிற்றுக்கு? 8 விநாடி! பனைமரத்தில் ஏறாமலே கண்டுபிடித்துவிட்டீர்களே!

பொறியாளர்கள் இதோடு காற்று, வெப்பம், பாரம், இறக்கையின் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். அங்கே ஹெலிகாப்டர் நூறு முறை விழுந்தாலும் யாருக்கும் காயமில்லை. பிறகு நிஜமாகப் பறந்து, அளந்து, கணக்கில் உள்ள தப்பைத் திருத்துகிறார்கள்.

ஆனாலும் ஹெலிகாப்டர் மந்திரக்கோல் அல்ல. 2018 மார்ச் 11ம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீப்பிடித்தபோது விமானப் படை ஹெலிகாப்டர்கள் உதவிக்குப் போயின. அப்படியும் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரை இழந்தோம். எனவே, காட்டுப் பகுதிக்குப் போனால் தீப்பொறி விழாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

தைரியசாலி என்றால், யோசிக்காமல் தீயில் குதிப்பவர் அல்ல. முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டுத் துணிந்து போகிறவர்தான். 'இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு சார்?' என்று இனி வகுப்பில் கேட்கத் தோன்றினால், அந்த வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நாளை அதைச் சுமந்து பறப்பவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்!