கோழிக்காலுக்கு உச்சுக் கொட்டாதீர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த ஒரு சிறுகதைக் கலந்துரையாடலில் என் கதையைப் பற்றிப் பேசிய நண்பர், "கோழிக்காலைத் தின்று வாழும் அவலத்தை உருக்கமாகச் சொல்லியிருக்கிறார்" என்றார். இரண்டு மூன்று பேர் உச்சுக் கொட்டினார்கள். வந்த கோபத்தை அன்று தேநீரோடு விழுங்கிவிட்டேன். இன்று எழுதிவிடுகிறேன். அந்தக் காட்சியில் நான் எழுதியது ஒரு விருந்து.

நான் கம்போங் மேடானில் வளர்ந்தவன். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பலகை வீடுகளில் குடியேறி, பிறகு மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போன இடம். பெயரைக் கேட்டதும் பலருக்கு 2001 மார்ச் கலவரம் மட்டுமே ஞாபகம் வரும். ஆறு உயிர்கள் போயின. அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தியும் பிந்தியும் அங்கே தினமும் அடுப்பு எரிந்தது.

அம்மா சனிக்கிழமை பசார் மாலாமுக்கு ஒன்பதரைக்கு மேல்தான் கிளம்புவார். கடை கட்டுகிற நேரம். நசுங்கிய தக்காளி, வாடிய கத்திரிக்காய் எல்லாம் குவியல் ஒரு வெள்ளிக்கு வந்துவிடும். "பழுத்து உடைஞ்சதுதான்டா ரசத்துக்கு. கெட்டியா இருக்கறத உங்க பெரியம்மா வாங்கட்டும்" என்பார். பெரியம்மா வாங்கியது பளபளவென்று இருக்கும். புளிப்பும் இருக்காது, இனிப்பும் இருக்காது. கோழிக்கடை தௌகேயிடம் காலையும் கழுத்தையும் தனியாகக் கட்டி வைக்கச் சொல்லியிருப்பார்.

ஞாயிறு காலை அது அடுப்பேறும். நகத்தை முதல் கணுவோடு நறுக்கி எறிவார். மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, ஒரு கொதி விட்டு, நுரை கக்கிய தண்ணீரைக் கொட்டிவிடுவார். பிறகு எண்ணெயில் சோம்பு, சின்ன வெங்காயம், நசுக்கிய பூண்டு, மிளகு, சீரகம். மணம் வந்ததும் கால்களைப் போட்டுப் புரட்டி, தண்ணீர் ஊற்றிச் சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம். தோலும் நாரும் கரைந்து சாறு உதட்டில் ஒட்டும். நெஞ்சுக்கறியை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இது வராது, சக்கையாகத்தான் போகும். ஈரல் இதற்கு நேர் எதிர். கடைசியில் போட்டு வெந்ததும் இறக்கிவிட வேண்டும், தாண்டினால் ரப்பர். இதெல்லாம் தெரிந்த ஒருத்தியை நம் கதைகள் 'வழியில்லாமல் எதையோ வேகவைத்தாள்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நம் எழுத்தில் ஏழை சாப்பிட்டால் பழைய சோறும் கண்ணீரும்தான். அவனுக்கு நாக்கே கிடையாதா?

கிள்ளானைப் பாருங்கள். துறைமுகக் கூலிகளின் சாப்பாடு என்று சொல்லப்படுகிற பாக் குட் தே, பன்றி எலும்பும் மூலிகையும் சேர்ந்த சூப், 2024 பிப்ரவரியில் தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பும் கிளம்பியது. ஆனால் கூலிச் சாப்பாடு என்பதை அவர்கள் மறைக்கவில்லை, அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். மீன்தலைக் கறியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1949 வாக்கில் சிங்கப்பூரில் எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி தொடங்கி வைத்தது என்பார்கள். இன்று வாழையிலைக் கடையில் அந்தத் தலையின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதைத் தின்கிறவரைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டுவதில்லை. விலை ஏறியதும் அவலம் ஓடிப்போய்விட்டது!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மேடையேறி, "நம்மவர்களுக்குச் சிக்கனம் தெரியாது, மலிவாக வாங்கி வீட்டில் சமைக்கப் பழகுங்கள்" என்று பி40 குடும்பங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள். அய்யா, சமைக்க எங்களுக்குத் தெரியும். மலிவான கறி காசைக் குறைத்துக்கொண்டு நேரத்தைக் கேட்கும். அம்மாவுக்குத் தொழிற்சாலை வேலையில் ஞாயிறு ஒன்றுதான் வாய்த்தது. மற்ற நாளெல்லாம் நெத்திலிச் சம்பல், முட்டை. என் தங்கைக்கு அந்த ஞாயிறும் இல்லை. எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவள் எப்போது காலை வேகவைத்து எப்போது பிள்ளைகளுக்கு ஊட்டுவது? 2023 ஜனவரியில் ஐந்து வெள்ளி மெனு ரஹ்மா வந்தபோது அவள் நிம்மதியாக வாங்கினாள். அதே ஆண்டு நவம்பரில் கோழிக்கு இருந்த உதவித்தொகையையும் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். அவளுக்குத் தெரியாத சிக்கனம் எது என்று மேடைக்காரர் சொல்லட்டும். பேரங்காடியில் விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவது எத்தனை மணிக்கு என்று அவளைக் கேளுங்கள், நிமிடக் கணக்கில் சொல்வாள்.

கலந்துரையாடலில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அவரு சாப்பிட்டுப் பாத்திருக்காராமா?"

"இல்லம்மா."

"ஞாயித்துக்கெழம வரச்சொல்லு. வெள்ளனவே வரச்சொல்லு, நகம் நறுக்க ஆள் வேணும்."