எல்லாம் அடங்கிய புஸ்தகசாலை

"எல்லாம் புஸ்தகத்தில் இருக்கிறது" என்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். அர்ஜெண்டைனா தேசத்து எழுத்தாளர் போர்ஹெஸ் என்பவர் 1941-ல் ஒரு கதை வெளியிட்டார். அதில் வரும் புஸ்தகசாலையில், 25 குறிகளைக் கொண்டு 410 பக்கத்தில் எப்படியெல்லாம் எழுதக்கூடுமோ அத்தனை புஸ்தகமும் உண்டு. அவற்றின் தொகையைக் குறிக்கவே 18 லட்சம் இலக்கங்களுக்கு மேல் வேண்டும். மனிதனோ வாரம் ஒன்றாக 60 வருஷம் படித்தாலும் 3,120 தான்.

அங்கே உண்மை முழுவதும் இருக்குமல்லவா என்றால், இருக்கும். அதற்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும், சுத்தப் பொய்யும் அதே பக்கக் கணக்கோடு பக்கத்திலேயே இருக்கும். எது மெய்யென்று அலமாரி சொல்லாது. அப்படியிருந்தும் கதையில் வருகிறவர்கள் செய்ததென்ன? எல்லாவற்றுக்கும் சாரமான ஒரே புஸ்தகம் எங்கோ உண்டென்றும், அதைப் படித்தவன் கடவுளுக்குச் சமானமென்றும் நம்பித் தேடியலைந்தார்கள். (அங்கேயுங்கூட!)

கதை கிடக்கட்டும். பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளிக்கு மாதம் ஒன்று படிக்க முடிந்தால் பெரிது. 60 வருஷத்தில் 720. அவனிடம் போய், "பழைய சாஸ்திரங்களை முதலில் முடி, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று உபதேசிக்கிறார்களே, அந்த 720-ல் எத்தனையைக் கேட்கிறோம் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?