வலிக்குதா? சந்தோஷம்!

போன மாதம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட் போனார். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினார். லைப்ரரியில் ஓசிப் பேப்பர் படித்தார். மத்தியானம் திரும்பி வந்தார். வாசல்படியில் சிவப்பாக என்னமோ சொட்டியிருக்கிறதே என்று குனிந்து பார்த்தால்... ரத்தம்!

செருப்பைக் கழற்றினோம். அடியிலிருந்து ஓர் ஆணி ஏறி, குதிகாலைப் பதம் பார்த்திருந்தது.

''எப்ப குத்திச்சு பெரியப்பா?''

''குத்திச்சா?'' என்றார் அவர், நிஜமான ஆச்சரியத்துடன்.

பதினெட்டு வருஷ ஷுகர் ஸார். ஆஸ்பத்திரியில் காயத்தைக் கிளறிச் சுத்தம் செய்தபோதும் சிரித்துக்கொண்டே இருந்தார். ''பார்த்தியாடா, வாயைத் திறந்தேனா?'' என்று என்னிடம் பெருமை வேறு. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ''அவர் 'ஐயோ'ன்னு கத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்'' என்றார்.

அந்த ராத்திரி எனக்கு டாக்டர் பால் பிராண்ட் ஞாபகம் வந்தது.

பிராண்ட் வெள்ளைக்காரர். ஆனால் 1914-ல் பிறந்தது நம்ம கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸியும் அம்மா ஈவ்லினும் மிஷனரிகள். மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டு ஜனங்களே ஏறத் தயங்கிய மலை அது. அங்கே போய் வீடு கட்டி, மருந்து கொடுத்து, ஜெபம் பண்ணிக்கொண்டு வாழ்ந்தார்கள். பையனை ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அவனுக்குத் தந்தி வந்தது. மலேரியா முற்றி வரும் 'பிளாக்வாட்டர்' காய்ச்சலில் அப்பா இறந்துவிட்டார். கொடுமை என்னவென்றால், தந்திக்கு முன்பே கப்பலேறியிருந்த அப்பாவின் கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

'உனக்கு ஊழியம் செய்ததற்கு இதுதான் கூலியா?' என்று கடவுளோடு டூ விட்டிருக்கலாம். அந்தக் குடும்பம் விடவில்லை. அம்மா ஊழியத்தைத் தொடர்ந்தார். மிஷன் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் சொந்தப் பொறுப்பில் மலையேறி, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். 1974-ல், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். புருஷனுக்குப் பக்கத்திலேயே அடக்கம்.

மகன் டாக்டராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், 'என் கையை அழுத்துங்க, பார்க்கலாம்' என்றார். அவர் அழுத்திய அழுத்தில், நகம் பதிந்து பிராண்டுக்கு உயிரே போயிற்று. அழுத்தியவருக்கோ ஒன்றும் தெரியவில்லை!

அங்கேதான் பொறி தட்டியது. இவ்வளவு பலம் இருக்கிற கை, செத்த கையாக இருக்க முடியாதே?

தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்று அப்போது டாக்டர்களே நம்பினார்கள். பிராண்ட் வருஷக்கணக்கில் கவனித்தார். கிருமி நரம்பைக் கொல்கிறது, வலி போய்விடுகிறது. அதற்கப்புறம் சூடான பாத்திரமும், ஆணியும், முள்ளும் மீதி வேலையை முடிக்கின்றன. சிலருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல், காலையில் குறைந்திருந்தது. காவலிருந்து பார்த்தால்... எலி! தூங்குகிறவருக்கு வலித்தால்தானே கையை உதறுவார்? அதிலிருந்து, சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு ஒரு பூனையும் போனது.

தசைநாரை மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். ஆனால் போன வலியைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. பிற்பாடு அமெரிக்காவில், ஆபத்து வந்தால் எச்சரிக்கிற எலெக்ட்ரானிக் கருவிகூடச் செய்து பார்த்தார். சத்தம் எழுப்பினால் யாரும் மதிக்கவில்லை. லேசாக ஷாக் அடிக்கிற மாதிரி வைத்தார். கஷ்டமான வேலை வந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள், ஜனங்கள்! அணைக்க முடியாத ஸ்விட்சாக வலியை வைத்தவர் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார் என்று பிராண்டுக்குப் புரிந்தது அப்போதுதான்.

அதற்கு முன்பே அவருக்கு ஒரு பரீட்சை நடந்திருந்தது. 1950-களில் ஒரு பிரயாணம். ஜுரத்தோடு லண்டன் வந்து சேர்ந்தவர், ராத்திரி சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார். ம்ஹூம். தொழுநோயாளிகளோடு பழகியவர், என்ன நினைப்பார்? மனைவி, குழந்தைகளைப் பிரிய வேண்டும், ஆபரேஷன் செய்யும் கையும் ஒருநாள் போகும்... விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் மறுபடி ஊசியை ஆழமாகக் குத்தினார். 'ஆ!' என்று அலறினார். ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் மரத்திருந்த நரம்பு, அவ்வளவுதான். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

நான் பி.காம். எதையும் வரவா, செலவா என்று பிரித்தால்தான் மண்டையில் ஏறும். பிள்ளையாரோ, மாதாவோ, தர்காவோ, நாம் போய் நிற்பது 'இந்த வலியை எடுத்துடு சாமி' என்றுதான். செலவுப் பக்கத்தில் எழுதியதை அடிக்கச் சொல்கிற மனு. இந்த மனுஷன் அதையே வரவில் எழுதினார். ஏஸி ரூமில் உட்கார்ந்து அல்ல. மலேரியாவுக்கு அப்பாவைப் பறிகொடுத்த பிறகு. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. 2003-ல் இறந்தார்.

இப்போது தினமும் ராத்திரி எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. பெரியப்பா காலை நீட்டுவார். நான் டார்ச் அடித்து விரலிடுக்கெல்லாம் பார்ப்பேன். அலாரம் ரிப்பேர் என்றால் வாட்ச்மேன் போடத்தானே வேண்டும்?

நேற்று விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன்.

''இங்கே?''

''இல்லைடா.''

''இங்கே?''

''இல்லை.''

இடது பாதத்தின் குழிவுக்கு வந்தேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

''டேய், கூசுதுடா முட்டாள்!''

திட்டு வாங்கிச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தேன்.