பதவி போய்விட்டது, பள்ளிக்கூடம் நிற்கிறது



"நம்ம ஆள் ஒருத்தர் அங்கே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்." டீக்கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் இந்தப் பேச்சு ஓயாமல் நடக்கிறது. தவறில்லை. அதிகாரத்தில் பங்கு கேட்பது நமது உரிமை. தமிழகத்தில் 2007-ல் கிடைத்த 3.5 சதவிகித இடஒதுக்கீடு யாரும் போட்ட பிச்சையல்ல. கேட்டுக் கேட்டுப் பெற்றது. இனியும் கேட்போம்.

ஆனால் நாற்காலி கிடைத்த பிறகு, அதில் உட்கார்ந்தவர் சமுதாயத்துக்கு என்ன செய்தார் என்று நாம் கேட்கிறோமா? பதவி உயர்வு கிடைத்தால் பொன்னாடை போர்த்துகிறோம். புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். அத்தோடு சரி!

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொல்லிப் போனவர் ஒருவர் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கண்டி நகரில் வாழ்ந்து தமிழில் எழுதியவர். அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பை.

நீதிமன்றத்தில் இருந்தவர்

கண்டி ராஜ்யம் 1815-ல் வெள்ளையர் கைக்குப் போனது. அந்த ஊரில் 1838-ல் சித்திலெப்பை பிறந்தார். தந்தையும் வழக்கறிஞர். வீட்டில் அரபும் மார்க்கமும் ஓதினார், ஆங்கிலமும் கற்றார். 1862-ல் வழக்கறிஞரானார். 1865-ல் உருவான கண்டி மாநகர சபையில் உறுப்பினராகவும், நகர நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார்.

வெள்ளையர் ஆட்சியில் ஒரு முஸ்லிமுக்கு இது சாதாரண உயரமல்ல. அவர் அத்தோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று அவர் பெயரும் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் கண்ட நோய் வேறு. அன்று ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்தன. பிள்ளையை அங்கே அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது; காரணமுள்ள பயம்தான். அதற்கு அவர் சொன்ன மருந்துதான் முக்கியம்: படிப்பை விட்டு ஓடாதே, உனக்கென்று பள்ளிக்கூடம் கட்டு! மார்க்கமும் அங்கே இருக்கட்டும், ஆங்கிலமும் அங்கே இருக்கட்டும்.

மத்ரஸாவில் ஓதிய என் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் படி என்றவர் அரபை ஒதுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அரபுப் பாடநூல் எழுதியவரும் அவர்தான்.

பேனா எடுத்தார்

1882-ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். தமிழிலும் அரபுத் தமிழிலும் வந்த அந்த ஏடு இலங்கையோடு நிற்கவில்லை. நம் பக்கத்திலும் மலாயா பக்கத்திலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். 1885-ல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை எழுதினார். தமிழில் நாவல் என்பதே புதிதாக இருந்த காலம் அது.

1883-ல் எகிப்தின் ஒராபி பாஷாவை வெள்ளையர்கள் இலங்கைக்கு நாடு கடத்திக் கொண்டுவந்தார்கள். வெள்ளையரின் நீதிமன்றத்தில் பதவி வகித்த சித்திலெப்பை என்ன செய்தார் தெரியுமா? அந்த வெள்ளையரை எதிர்த்துப் போராடிய பாஷாவோடு தோள் சேர்ந்து கல்விப் பணியில் இறங்கினார். நல்ல வருமானம் தந்த வழக்கறிஞர் தொழிலையும் ஒதுக்கி வைத்தார்.

வியாபாரியே, இது உமக்கு!

1884-ல் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. ஏன்? அறிவு இருந்தது, எழுத்து இருந்தது, ஆதரவு போதவில்லை. சித்திலெப்பை சோர்ந்து உட்காரவில்லை. வாப்பிச்சி மரிக்கார் துணைக்கு வந்தார். 1877-ல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர். அரசுக்குக் கட்டடம் கட்டிய அந்தக் கை சமுதாயத்துக்கும் கட்டியது. 1892-ல் மருதானையில் எழுந்த அந்த மத்ரஸாதான் இன்றைய ஸாஹிரா கல்லூரி.

பதவியில் இருந்தவரின் அறிவும் தொழில் செய்தவரின் பணமும் ஒன்று சேர்ந்த பிறகுதான் அந்தக் கட்டடம் நின்றது. ஒன்று மட்டும் இருந்தபோது நிற்கவில்லை. இதை மறக்க வேண்டாம்.

பெண்பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. கண்டியில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். ஊரார் என்ன சொல்வார்களோ என்று பயந்து அடுத்த வீட்டுப் பெண்ணைத் தேடவில்லை. தன் உடன்பிறந்த சகோதரியையே அந்தப் பணியில் நிறுத்தினார்.

1898-ல் அவர் இவ்வுலகை விட்டுப் போனார். அவர் உட்கார்ந்த நாற்காலியில் பிறகு யார் யார் உட்கார்ந்தார்கள்? யாருக்கு ஞாபகம்? ஸாஹிராவோ தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஆளாக்கி வருகிறது.

சகோதரனே! தேர்வு எழுது, அரசு வேலைக்குப் போ, நகராட்சி வார்டில் நில். வெற்றி பெற்று வா. வந்த பிறகு வாரத்தில் ஒரு மாலை நேரத்தையாவது மஹல்லாப் பிள்ளைகளுக்குக் கொடு. நீ ஏறிய ஏணியை அவர்களுக்கும் காட்டு.

கடைக்காரரே! கல்யாண மண்டபம் கட்டியது போதும். எட்டாம் வகுப்போடு கல்லாப்பெட்டிக்கு வந்து நிற்கும் பையனை மறுபடி பள்ளிக்கு அனுப்பும். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை உமது கடைக் கணக்கில் எழுதும்.

அடுத்த முறை ஓர் அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தும்போது அன்போடு கேளுங்கள்: "சந்தோஷம் பாய், நம்ம பிள்ளைகளுக்கு என்ன செய்யப் போறீங்க?"