சொந்த வயலை விடக் கூலி வேலைதான் சோறு போடுகிறது!



உழைக்க உடம்பில் தெம்பு இருக்கிறது. புருஷன், பெண்டாட்டி, தலையெடுத்த பிள்ளை என்று வீடே பாடுபடுகிறது. இருந்தும் மளிகைக் கடையில் பாக்கி, மருந்துக் கடையில் பாக்கி, பிள்ளை படிப்புக்குத் தோட்டை அடகு வைக்க வேண்டியிருக்கு. ஏன் இந்த நிலை?

மத்திய அரசே 2018-19ல் எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். இதில் பயிர் சாகுபடியில் நின்றது 3,798. கூலி, சம்பளமாக வந்தது 4,063. சொந்த வயல் கொடுத்ததை விட, அடுத்தவரிடம் வேலைக்குப் போய் வாங்கியதுதான் அதிகம்! 3,798 என்றால் நாளைக்கு 127 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 32 ரூபாய்கூட வராது.

"விலையை உயர்த்தினோமே" என்பார்கள். 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் ஆதரவு விலை. செலவைப் போல ஒன்றரை மடங்காம்! எந்தச் செலவு? அவர்கள் போட்ட 1,579 ரூபாயில் கைச்செலவும் குடும்பத்தார் உழைப்பும்தான் சேர்ந்திருக்கு. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும், நாம போட்ட முதலுக்கு வட்டியும் சேரவில்லை. ஒரு பெட்டிக்கடைக்காரர்கூட கடை வாடகையை விட்டுவிட்டு லாபக் கணக்குப் பார்ப்பாரா?

ரேஷனில் 2011 முதல் விலையில்லா அரிசி தருகிறார்கள், மறுக்கவில்லை. பருப்பு, எண்ணெய், பஸ் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்கே போவது? 2019ல் தொடங்கிய உதவித்தொகை வருஷத்துக்கு 6,000. மாதம் 500 ரூபாய். ஒரு கேஸ் சிலிண்டருக்கே காணாது. தன் பேரில் பட்டா இல்லாத குத்தகை விவசாயிக்கு அதுவும் இல்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் கொடு என்று 2006லேயே சொல்லிவிட்டது. நாம் கேட்பது சலுகை அல்ல, உழைப்புக்கு விலை.

* நில வாடகை, வட்டி சேர்த்த முழுச் செலவுக்கு மேல் 50 சதவீதம் கொடு! அதைச் சட்டமாக்கு!
* குத்தகை விவசாயிக்கும் உதவித்தொகை, கூட்டுறவுக் கடன் வழங்கு!

வட்டாட்சியர் அலுவலக ஆர்ப்பாட்டத்துக்குக் குடும்பத்தோடு வாங்க. அடுப்படிக் கணக்குப் பார்க்கும் பெண்கள் முன்வரிசையில் நிற்கட்டும்!