துள்ளலும் ‘ப்ராங்கிங்’கும்

தாம்பரத்தில் ரயிலேறி, பேரனைக் கிண்டி சிறுவர் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். வெளிமான் ஒன்று நான்கு கால்களும் ஒருசேரத் தரையைவிட்டு எழும்பத் துள்ளியது.

“தாத்தா, இதுக்குப் பேரு ப்ராங்கிங்!” என்றான்.

குறும்பு செய்வதையும் ‘ப்ராங்க்’ என்கிறார்களே, அதுவோ என்று நினைத்தேன். இல்லை, இது தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வேறு சொல். பொருள், பகட்டிக் காட்டுதல். ‘என் வலுவைப் பார், துரத்திப் பயனில்லை’ என்று வேட்டை விலங்குக்கு மான் உணர்த்துகிறதாம்.

“தமிழில் துள்ளல்டா” என்றேன். “அப்படின்னா?” என்றான்.

கன்று துள்ளுவதைக் கண்டு, கலிப்பாவின் ஓசைக்கே துள்ளல் என்று பெயர் வைத்தவர்கள் நாம். நாலுகால் பாய்ச்சல் வேறு, தாவல் வேறு, துள்ளல் வேறு. பிள்ளைகள் ‘ப்ராங்கிங்’ படிக்கட்டும், தப்பில்லை. துள்ளலைச் சொல்லித்தர வேண்டியது பள்ளிக்கூடமல்ல, வீட்டிலிருக்கும் நாம்தான்.